எண்ணெய் தொடாத எட்டு மாதங்கள்

கோயம்புத்தூரில் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியில், நுண்ணுயிரியல் துறையின் கடைசி அறையில், திங்கட்கிழமைதோறும் உருளைக்கிழங்கு வேகும். உண்பதற்கன்று. வெந்த கிழங்கை வடித்த சாற்றில் கிளிசரினும் அகர் என்னும் கடற்பாசிக் கூழும் சேர்த்து, ஆவியில் வைத்துக் கிருமி நீக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் ஆட்டு ரத்தம் கலந்து, உள்ளங்கையளவு வட்டத் தட்டுகளில் ஊற்றி உறையவிடுவார்கள். செம்மண் பூசியது போன்ற அந்தத் தட்டுகளே அங்கே வளர்க்கப்படும் கிருமிகளுக்கு உணவு. பதினெட்டு ஆண்டுகளாக அவ்வுணவைச் சமைத்துவருபவர் ராசாத்தாள்.

அவருக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். பதிவேட்டில் அவர் வெறும் உதவியாளர்தான். ஆயினும், ஆட்டு ரத்தத்தை உறையாமல் காக்கும் கைப்பக்குவத்தில் அவருக்கு இணையானவர் அத்துறையில் இல்லை. கண்ணாடி மணிகள் இட்ட குடுவையில் ரத்தத்தை ஊற்றிச் சுழற்ற வேண்டும். வேகம் மிகுந்தால் ரத்த அணுக்கள் உடைந்துவிடும். குறைந்தால் கட்டி விழுந்துவிடும். மாணவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சுழற்றிப் பாதிக்கு மேல் பாழாக்குவார்கள். ராசாத்தாள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ரத்தத்தின் நார் மணிகளின்மேல் படியப் படிய அவற்றின் ஓசை மங்கும். அந்த ஓசை முற்றும் அடங்கும் கணத்தில் அவர் கை நிற்கும்.

ரிஃபத் என்னும் பெண் முனைவர் பட்ட ஆய்வுக்காக அத்துறையில் சேர்ந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. கோட்டைமேட்டில் அத்தர்க்கடை வைத்திருப்பவரின் மகள். சேர்ந்த முதல் வாரத்தில் தானே ரத்தம் சுழற்றுவேன் என்று முனைந்து இரண்டு குடுவைகளைக் கட்டியாக்கிவிட்டாள். ராசாத்தாள் அக்குடுவைகளைக் கழுவிக்கொண்டே, இதை வறுத்து வைத்தால் மதியத்துக்கு ஆகும் என்று சொல்லி அவளைச் சிரிக்கவைத்தார். அன்றிலிருந்து அவள் அவரை அக்கா என்றாள். அவர் அவளைக் கண்ணு என்றார்.

ரிஃபத் ஆராய்ந்த கிருமியின் பெயரைத் தட்டுகளில் ஆங்கில எழுத்துகள் இரண்டால் குறித்திருந்தார்கள். அது இன்ன கிருமியென்று ராசாத்தாள் கேட்டதில்லை. சமைத்தார், ஊற்றினார், வேலை முடிந்த தட்டுகளை ஆவியில் அவித்துக் கிருமியைக் கொன்றபின் கழுவினார். கேட்பதற்கு அதில் ஒன்றும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

சென்ற மாசி மாதத்தில், அறிவியல் நாளை முன்னிட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேர் ஆய்வுக்கூடத்தைக் காண வந்தார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பு ரிஃபத்துக்கு வாய்த்தது. ராசாத்தாள் மூலையில் இருந்த தொட்டியில் தட்டுகளைத் துலக்கிக்கொண்டிருந்தார்.

இது கக்குவான் இருமலை உண்டாக்கும் கிருமி என்று ரிஃபத் தொடங்கினாள். அச்சொல் காதில் விழுந்ததும் ராசாத்தாளின் கை தண்ணீருக்குள் நின்றது.

ரிஃபத் மேலும் சொன்னாள். இக்கிருமி பல நஞ்சுகளை ஆக்குகிறது. அவற்றுள் ஒன்று புதுமையானது. பிறக்கும்போது அந்த நஞ்சுக்கு ஆற்றல் இல்லை. உறையில் கிடக்கும் கத்தியைப் போல யாருக்கும் தீங்கு செய்யாமல் இருக்கும். அதன் உடலில் குறிப்பிட்ட இரண்டு இடங்களில் கொழுப்பு அமிலத்தின் இழை வந்து ஒட்டிக்கொண்டால்தான் அது விழித்தெழும். விழித்தபின், நம் உடலைக் காக்கும் வெள்ளணுக்களின் தோலுக்குள் அந்தக் கொழுப்பிழையை ஊன்றி, உள்ளே நுழைந்து, அவற்றைச் செயலிழக்கச் செய்யும். காவலர்கள் மயங்கிய ஊரில் கள்வர் புகுவதுபோல் கிருமி பெருகும். ஒரு மாணவி, அது என்ன கொழுப்பு என்று கேட்டாள். பிள்ளைகளுக்கு எளிதாகப் புரியட்டும் என்று ரிஃபத், நம் வீட்டு நெய்யிலும் பனையெண்ணெயிலும் தேங்காயெண்ணெயிலும் இருக்கிற அதே கொழுப்பு அமிலம்தான் என்றாள்.

அவள் சொன்னது பிழையன்று. எனினும் அக்கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அன்று அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. பிள்ளைகள் அடுத்த அறைக்குப் போனார்கள். ராசாத்தாள் தொட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

அவர் ஏன் அவ்வாறு நின்றார் என்பதை அறிய இருபத்தேழு ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

ராசாத்தாளைப் புளியம்பட்டிப் பக்கத்துத் தம்பிதுரைக்கு மணம் செய்து கொடுத்து நான்காண்டுகள் மகவு வாய்க்கவில்லை. சென்னிமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு, கிருத்திகைதோறும் படியேறினார்கள். ஐந்தாம் ஆண்டு கரு நிலைத்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். ராசாத்தாளுக்குத் தாய் முன்பே இறந்துவிட்டமையால், அன்னூருக்குக் கிழக்கே இருந்த அண்ணன் வீட்டுக்குச் சென்றார். ஆடி முதல் வாரத்தில் பெண் பிறந்தது. குன்றின்மேல் நிற்பவனை நினைந்து சண்முகப்பிரியா என்று பெயரிட்டார்கள்.

அந்நாளில் தம்பிதுரை ஒரு ஜோடிக் காளையும் நான்கு ஏக்கர் மேட்டுநிலமும் வைத்திருந்தார். மீசை அரும்பிய காலத்திலிருந்து ஓராண்டும் தவறாமல் ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போவார். வாங்குவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் குதிரைகளையும் காளைகளையும் நாள்முழுதும் பார்த்துவிட்டு வருவார். அந்த ஆண்டு சந்தை கூடிய நாட்களில் அவர் அன்னூருக்கு வந்துவிட்டார். ஏன் போகவில்லை என்று மைத்துனர் கேலி செய்தபோது, துணித்தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "இந்த வருசம் எனக்குச் சந்தை இங்கதானுங்க மச்சான்" என்றார். நான்கு நாள் தங்கினார். குழந்தையின் பாதத்தைத் தம் பெருவிரலோடு அளந்து அளந்து பார்த்தார்.

ஆவணி பிறந்ததும் ராசாத்தாளுக்கு வறட்டு இருமல் பிடித்தது. பிள்ளை பெற்ற உடம்பு, குளிர் தாங்கவில்லை என்று எண்ணிக்கொண்டார். அண்ணன் மனைவி சுக்கு தட்டிப் போட்டுக் கொடுத்தாள். ஆவணியின் நடுவில் குழந்தைக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. நாற்பத்தைந்தாம் நாள் போட வேண்டிய முதல் முத்தடுப்பு ஊசிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. மூக்கொழுகல் இருமலாயிற்று. இருமல் தொடங்கினால் நிற்காது. குழந்தை இருமி இருமி முகம் சிவக்கும், பின் நீலம் பாரிக்கும், பின் மூச்சே கேட்காது. அந்த மூச்சற்ற கணங்களில் ராசாத்தாளும் மூச்சை விடமாட்டார்.

தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடேற்றி, கை பொறுக்கும் பதத்தில் குழந்தையின் மார்பிலும் முதுகிலும் உள்ளங்காலிலும் தடவினார். தொண்டை இதமாகட்டும் என்று விரல்நுனியால் நெய்யைத் தொட்டு நாக்கில் வைத்தார். பிள்ளைக்குச் சளி கட்டினால் அங்கே எல்லாத் தாய்மாரும் செய்வது அது. அருகில் தாய் இல்லாதவர் என்பதால் எல்லாவற்றையும் தம் கையாலேயே செய்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோன நான்காம் நாள், புரட்டாசி முதல் வாரத்தில், பிறந்து அறுபதாம் நாள், குழந்தை இறந்தது. மருத்துவர் கக்குவான் என்றார். அதன்பின் அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

மழை பொய்த்த ஆண்டுகளில் காளைகளும் நிலமும் கைவிட்டுப் போயின. இருவரும் கோவை கணபதிக்குக் குடிபெயர்ந்தார்கள். தம்பிதுரை பம்புசெட் பட்டறையில் சேர்ந்தார். ராசாத்தாள் கல்லூரிக்கு வந்தார். துயரம் ஆறவில்லை, ஆனால் அதற்கு ஒரு வடிவம் அமைந்திருந்தது. நோய் வந்தது, குழந்தை போயிற்று, விதி என்று அதற்குப் பெயர். வெள்ளிக்கிழமைதோறும் திருவிளக்கேற்றி அதன்முன் அமர்ந்து, சென்னிமலையானிடம் மகளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல் எழுந்துவிடுவது ராசாத்தாளின் வழக்கம்.

அந்த வடிவம் மாசி மாதத்து அந்த ஒரு நாளில் உடைந்தது. நஞ்சு உறங்கிக் கிடந்தது. கொழுப்புத்தான் அதை எழுப்பியது. கொழுப்பைத் தடவியது தன் கை. இவ்வாறு அவர் கணக்கிட்டார். பிறகு அந்தக் கணக்கை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ரிஃபத்திடம் கேட்டிருக்கலாம்; ஆனால் கேட்டால் ஆம் என்று சொல்லிவிடுவாளோ என்று அஞ்சினார்.

அன்றிலிருந்து அவர் எண்ணெயைத் தொடவில்லை. தலைக்கு வைக்கவில்லை. வெள்ளி முழுக்கு நின்றது. வீட்டில் தாளிப்பு நின்றது. எல்லாம் அவித்ததும் வேகவைத்ததும்தான். கடைசியாக விளக்கும் நின்றது. அதை ஏற்றவும் எண்ணெய்தானே வேண்டும். தெய்வத்தின்மேல் அவருக்குச் சினமில்லை. அத்திருமுன் நிற்கத் தாம் தகுதியற்றவர் என்று தம்மைத் தாமே விலக்கிக்கொண்டார். அவ்விலக்கத்தைவிடக் கொடிய தனிமை வேறொன்று உண்டா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமைச் சமையலை மட்டும் அவர் விடவில்லை. வேறு அறைக்கு மாற்றும்படி கேட்டிருந்தால் மாற்றியிருப்பார்கள். தம் மகளைக் கொன்ற கிருமிக்குத் தம் கையால் உணவு சமைப்பதையும் தண்டனையின் ஒரு பங்காகவே வைத்துக்கொண்டார். கிழங்கைத் தோல் சீவினார், வேகவைத்தார், மணிகளின் ஓசை அடங்கும்வரை ரத்தத்தைச் சுழற்றினார். ஒரு தட்டும் பழுதுபடவில்லை.

ஐப்பசியில் தீபாவளி வந்தது. துறையில் பலகாரம் பகிர்ந்துகொண்டார்கள். ராசாத்தாள் முறுக்கைத் தொடாமல் தட்டைத் தள்ளி வைத்ததை ரிஃபத் கண்டாள். தலைமுடி வைக்கோல்போல் வறண்டிருந்ததையும் கண்டாள். கேட்டதற்கு வயதாகிறதென்று சொல்லிவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம், பிற்பகலில், பட்டறைச் சட்டையோடு ஒருவர் கல்லூரி வாயிலில் நின்று ரிஃபத்தை விசாரித்தார். தம்பிதுரை அவர்தான். மனைவிக்குத் தெரியாமல் வந்திருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, நீங்கதான் ரிஃபத்துங்களா? ஊட்ல உங்க பேரச் சொல்லாத நாள் கெடையாது. ஒரு சேதி கேக்கோணும்ங்க. தப்பா எடுத்துக்கப்படாது."

அவர் கேட்டது இது: ஆய்வுக்கூடத்தில் ஏதேனும் மருந்துப் புகை பட்டு மனைவிக்கு எண்ணெய் ஒவ்வாமல் போய்விட்டதா?

"எட்டு மாசமா எங்கூட்ல ஆஸ்பத்திரிச் சோறுங்க. நர்சம்மா ஒருத்தர் வந்துட்டாச் சரியாப் போயிரும். அது கெடக்கட்டும்ங்க, நான் எதையாவது தின்னுக்குவேன். வெளக்கு ஏத்த மாட்டேங்கறாளுங்க. புள்ள போன அந்த வெள்ளிக்கெழமைகூட ஏத்துனவ."

எந்தப் பிள்ளை என்று ரிஃபத் கேட்டாள். வாயிற்படியருகே நின்றபடியே தம்பிதுரை சொன்னார். கக்குவான் என்ற சொல் வந்ததும் ரிஃபத்துக்கு மாசி மாதமும், மூலைத் தொட்டியும், தன் வாயால் தான் சொன்ன நெய்யும் தேங்காயெண்ணெயும் ஒருங்கே நினைவுக்கு வந்தன.

அடுத்த திங்கட்கிழமை, கிழங்கு வேகும் நேரத்தில், அவள் கடைசி அறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டு முக்காலியில் அமர்ந்தாள். உங்கள் வீட்டுக்காரர் வந்திருந்தார் என்றாள். ராசாத்தாள் அடுப்பைத் தணித்தார். பிறகு திரும்பாமலே பேசினார்.

"நீயே அன்னைக்குச் சொன்னே கண்ணு. கொழுப்பு ஒட்டுனாத்தான் அந்த வெசத்துக்கு உசுருன்னு. நெய்யில இருக்கற அதே கொழுப்புன்னு. நான் புள்ள நெஞ்சு பூரா எண்ணெய் தடவுனேன். நாக்குல நெய் வெச்சேன். எத்தன தடவன்னு எனக்கே தெரியாது. சும்மா கெடந்த வெசத்த நாந்தான எழுப்பி உட்டேன்?"

ரிஃபத் பதறிப்போனாள். தான் அன்று பாதி மட்டும் சொன்னதைச் சொல்லி, மீதியை இப்போது சொன்னாள். கிருமி அந்த நஞ்சைத் தன் உடலுக்குள் ஆக்குகிறது. கொழுப்பையும் தானே ஆக்குகிறது. அதை எடுத்து நஞ்சின்மேல் தைப்பதற்கு ஒரு துணைப் புரதத்தை அதுவே உள்ளே வைத்திருக்கிறது. தைத்து முடித்தபின்புதான் நஞ்சை வெளியே அனுப்புகிறது. வெளியிலிருந்து எந்த எண்ணெயும் நெய்யும் அவ்விடத்துக்குப் போக முடியாது. போனாலும் தைக்க முடியாது. குழந்தையின் மார்பில் தடவிய எண்ணெய் தோலோடு நின்றது. நாவில் வைத்த நெய் வயிற்றுக்குப் போயிற்று.

ராசாத்தாள் எல்லாவற்றையும் செவிமடுத்தார். அவர் முகத்தில் மாற்றமில்லை.

"நீ நல்ல புள்ள. என் மனசு நோகக் கூடாதுன்னா எதையும் சொல்லுவே. தட்டுல காட்டு. தட்டு யாரு மூஞ்சியும் பாக்காது."

ஆய்வில் ஊறிய எவரும் சொல்லும் சொல் அது. ரிஃபத்திடம் அதற்கு வழியும் இருந்தது. அவளுடைய ஆராய்ச்சியே அத்துணைப் புரதத்தைப் பற்றியதுதான். கிருமியின் ஒரு வகையில் அதை நீக்கியிருந்தாள். துணை உள்ள கிருமி ரத்தத்தட்டில் வளர்ந்தால், அதன் நஞ்சு ரத்த அணுக்களை உடைத்து, குமிழாகத் திரண்ட ஒவ்வொரு கிருமிக் கூட்டத்தைச் சுற்றியும் வெளிறிய வளையம் இடும். துணை இல்லாத கிருமியும் நஞ்சை ஆக்கும். ஆனால் கொழுப்பு தைக்கப்படாமையால் அது உறங்கியே கிடக்கும், சுற்றிலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். வளையமுள்ள தட்டுகளையும் வளையமற்ற தட்டுகளையும் ராசாத்தாள் எத்தனையோ முறை கழுவியிருக்கிறார். ஏன் அப்படி என்று இப்போதுதான் தெரிந்துகொண்டார்.

துணையற்ற கிருமியின் தட்டில் நெய்யும் தேங்காயெண்ணெயும் விட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெளிக் கொழுப்பு நஞ்சை எழுப்பக் கூடுமானால் அங்கே வளையம் தோன்ற வேண்டும். மறுநாள் ராசாத்தாள் ஒரு சிறு பாட்டிலில் நெய்யும் மற்றொன்றில் கற்பூரமிட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயும் கொண்டுவந்தார். எட்டு மாதத்துக்குப் பின் எண்ணெய்க்கடையில் நின்றதாகச் சொன்னார். வீட்டில் அடுப்பேற்றி, கற்பூரம் போட்டு, அதே பதத்தில் காய்ச்சியிருந்தார். ரிஃபத் இரண்டையும் வெப்பத்தில் வைத்துக் கிருமி நீக்கினாள். தட்டுகளை ராசாத்தாளே ஊற்றினார். அன்று ரத்தம் சுழற்றும்போது முதன்முறையாக அவருக்கு மணிகளின் ஓசை பிடிபடவில்லை. இருமுறை பாழாகிக் கீழே கொட்டிவிட்டு, மூன்றாம் முறை சரியாக வந்தது.

அக்கிருமி மெல்ல வளர்வது. ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நாளும் ராசாத்தாள் காலையில் வந்ததும் தட்டுகளை வெதுவெதுப்பில் வைத்திருக்கும் வளர்ப்புப்பெட்டியின் முன் நின்றுவிட்டு வேலைக்குப் போவார், கதவைத் திறக்கமாட்டார். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. ரிஃபத் மூன்று தட்டுகளை வரிசையாக வைத்தாள். முதல் தட்டு துணையுள்ள கிருமியுடையது: பாதரசத் துளிகளைத் தெளித்தாற்போல் சின்னஞ்சிறு குமிழ்கள், ஒவ்வொன்றையும் சுற்றி மங்கிய வளையம். இரண்டாவது துணையற்றது: அதே துளிகள், வளையம் இல்லை. மூன்றாவது துணையற்றதன்மேல் எண்ணெயும் நெய்யும் விட்டது. ராசாத்தாள் அதைத் தம் கையால் எடுத்து, மூடி திறவாமலே, சன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தார். நெய் உறைந்த இடத்திலும், எண்ணெய் பரவிய இடத்திலும், அவற்றை விட்டு விலகிய இடத்திலும் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. ஒரு வளையமும் இல்லை.

"இத்தினியூண்டா?" என்றார், துளிகளைப் பார்த்து.

பிறகு, "அப்ப என் கை செய்யல" என்றார்.

"செய்யலீங்க்கா."

தட்டைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, முக்காலியில் அமர்ந்து, இரு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அழுதார். ரிஃபத்தும் அழுதாள். அழுகையினூடே, மகிழ்ச்சியின் மிகுதியால் அவள் தேவைக்கு மேல் பேசத் தொடங்கினாள். இக்கிருமிக்கு வெளியில் கிடக்கும் கொழுப்பு அமிலம் ஆகவே ஆகாது என்றும், அதை உறிஞ்சிக்கொள்ளத்தான் தட்டில் கிழங்குச் சாறும் ரத்தமும் சேர்ப்பது என்றும், அக்கா சமைக்கும் கிழங்கு அந்த வேலையைத்தான் செய்கிறது என்றும் சொன்னாள். ராசாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக, எஞ்சியிருந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

"அப்ப அது எங்கிருந்து கண்ணு வந்துச்சு?"

மூச்சுக்காற்றில் வரும் என்றாள் ரிஃபத். அருகில் யாரேனும் இருமினால் வரும். பெரியவர்களுக்கு அது கக்குவான் போலவே தோன்றாது. வெறும் வறட்டு இருமலாக ஒரு மாதம், ஒன்றரை மாதம் இருந்துவிட்டுப் போய்விடும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ராசாத்தாளின் முகத்தைப் பார்த்தாள். பேச்சு பாதியில் நின்றது.

"எனக்கு இருந்துச்சு" என்றார் ராசாத்தாள். "ஆவணி பூரா. பால் குடுக்கறப்பத் திரும்பித்தான் இருமுவேன். ரெண்டு தடவ திரும்பிருவேன். மூணாவது திரும்பறதுக்குள்ள வந்துரும்."

ரிஃபத் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எதிரே மூன்று தட்டுகள் இருந்தன. அவற்றின்முன் அவளுக்குப் பொய் வரவில்லை.

"நீங்கதான்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க்கா. இல்லைன்னு சொல்ல எனக்கும் முடியல."

ராசாத்தாள் தலையசைத்தார். தட்டுகளை எடுத்து ஆவியில் அவிக்கும் கலத்தில் அடுக்கினார். மூன்றாவதை அடுக்குமுன் ஒருமுறை பார்த்தார். பின்பு அதையும் வைத்து மூடினார்.

அன்று மாலை தம்பிதுரை வீட்டுக்கு வந்தபோது, கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டு மாதத்துத் தூசு துடைத்து, புளியிட்டுத் துலக்கி, நல்லெண்ணெய் ஊற்றி ஏற்றியிருந்தார் ராசாத்தாள். தலையில் எண்ணெய் மின்னியது. தம்பிதுரை செருப்பைக் கழற்ற மறந்து வாசலிலேயே நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, அப்ப ராத்திரிக்குத் தாளிச்ச கொழம்புங்களா? இல்ல, நாக்கு மறந்து போச்சு, அதான் கேட்டேன்."

ராசாத்தாள் சிரிக்கவில்லை. அவரை உட்காரச் சொல்லி, மாசி மாதத்திலிருந்து நடந்த அனைத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். எண்ணெயைச் சொன்னார், தட்டைச் சொன்னார், வளையம் வராததைச் சொன்னார். தம்பிதுரையின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. கடைசியாக இருமலைச் சொன்னார்.

"எண்ணெய் இல்லீங்க. என் மூச்சுத்தான். நாந்தான் குடுத்தேன்."

திரி ஒருபுறம் சாய்ந்து புகைந்தது. தம்பிதுரை எழுந்து அதைச் சரிசெய்துவிட்டு, மனைவியைப் பார்க்காமல் பேசினார்.

"உனக்கு நாந்தான் குடுத்தேன். எனக்கு மொதல்லயே இருந்துச்சு. அந்த வருசம் அந்தியூர்ச் சந்தைக்குப் போனேன்ல, அந்தப் புழுதியில ஆயிரம் பேரு. ஒருத்தன் பக்கத்துல நின்னு இருமிட்டே இருந்தான். அங்க புடிச்சத அன்னூருக்குக் கொண்டாந்தேன். உனக்குஞ் சரி, புள்ளைக்குஞ் சரி, நாந்தான். உங்கிட்டச் சொல்லத் தெம்பு இல்லாம இத்தன வருசம் வெச்சிருந்தேன்."

ராசாத்தாளுக்கு அந்த ஆடி மாதம் கண்முன் வந்தது. துணித்தொட்டிலும், அண்ணனின் கேலியும், தொட்டிலை ஆட்டியபடி அவர் சொன்ன விடையும், குழந்தையின் பாதத்தோடு ஒட்டிவைத்து அளந்த அந்தப் பெருவிரலும். சந்தை கூடிய நான்கு நாளும் அவர் அவ்வீட்டை விட்டு நகரவில்லை. ஒருமுறையேனும் அவர் இருமியதாக நினைவில்லை.

தம்பிதுரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குனிந்திருந்தது, பாரம் ஒன்றை வாங்கிக்கொள்ள நிற்பவரைப் போல.

ராசாத்தாள் அருகே சென்று அமர்ந்தார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து, குறைந்திருந்த விளக்கில் கொஞ்சம் ஊற்றினார்.

"இருக்கும்ங்க" என்றார்.